நாலு இடத்தில் கெட்ட பேர்

சாமுண்டீஸ்வரி பேங்கிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள், அவளுடைய பேர் கெட்டுப்போன செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. அவள் டவுன் பஸ்ஸுக்காகக் காத்திருந்து வந்தாள். செய்தி ஷேர் ஆட்டோவில் வந்தது. வாசலில் மாமியார் முத்தம்மாள் நின்றிருந்தாள். அது ஒரு ஆள் நின்றாலே அடைபட்டுப்போகும் வாசல். இன்று அவள் போதாக்குறைக்கு இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"உள்ள வராதடி. நாலு பேராமே? ஒருத்தன்னாகூட ஏதோ புத்தி தடுமாறிப் போச்சுன்னு சொல்லிக்கலாம். நாலு பேரா?"

சாமுண்டீஸ்வரிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தப்பாகப் போயிற்று. எதிர்வீட்டு ஜன்னலில் இருந்தவர்கள், பாவி சிரிக்கிறாள் பார் என்று உள்ளே திரும்பிச் சொன்னார்கள்.

நடந்தது இதுதான். மரக்காணத்து உப்பளங்களில் ஐப்பசி மழை இறங்கிவிட்டால் தை பிறக்கும்வரை வேலை கிடையாது. பாத்தியெல்லாம் குளமாகிவிடும். வேலை இருக்கும் மாதங்களிலும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உப்பு வாரிய கூலி ஒன்றாகத்தான் வரும், வந்து சேருவது புருஷன் கைக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து சாமுண்டீஸ்வரி வெயிலில் கால் வெடிக்க உழைத்திருக்கிறாள். தன் கூலி எவ்வளவு என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் ராஜவேல், "நம்ம ரெண்டு பேரோடதுன்னு வச்சிக்கயேன்" என்பான். வைத்துக்கொள்வது மட்டும் அவன்.

இந்த வருஷம்தான் அவளுக்கு ஒரு வழி பிறந்தது. கீழ்புத்துப்பட்டைத் தாண்டி ஆரோவில் பக்கம் ஒரு ஊதுபத்திக் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். வேன் ரோட்டோரம் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை, மழைக்காலத்திலும் உண்டு. அங்கே மேற்பார்வை பார்க்கும் மேரிசெல்வி ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். சம்பளம் கையில் தரமாட்டார்கள், வேலை செய்கிறவளின் சொந்தப் பேரில் இருக்கும் பேங்க் கணக்கில்தான் போடுவார்கள். புருஷன் கணக்கு, கொழுந்தன் கணக்கு எதுவும் செல்லாது. ஒண்ணாம் தேதிக்குள் பாஸ்புக் வராவிட்டால் அடுத்த ஆளுக்கு வேலை. இப்படி ஒரு நிபந்தனை உலகத்தில் இருக்கிறது என்று கேட்டதுமே சாமுண்டீஸ்வரிக்கு மனசுக்குள் ஜிலுஜிலுவென்று ஆகிவிட்டது. வேலை கிடைத்ததைவிட அந்த நிபந்தனைதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

பேங்கில் மோகன் என்கிற கிளார்க் உட்கார்ந்திருந்தான். பணமே போடாமல் திறக்கிற ஜீரோ பேலன்ஸ் கணக்குத்தான் அவள் கேட்டது. மோகன் ஆதார் கார்டை வாங்கினான், எதையோ தட்டினான், திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லோருமே செவிடு என்று ஒரு நினைப்பு உண்டு. அதனால் அவன் சொன்னது ஏ.டி.எம். வாசல்வரை கேட்டது.

"ஏம்மா, உங்க பேரு சுத்தமா கெட்டுப் போயிருக்குதே. ஒருத்தர்கிட்ட இல்ல, நாலு பேருகிட்ட கெட்டிருக்குது. உங்களுக்கு எப்படிக் கணக்குக் குடுக்கறது?"

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவள் அதே தெருவைச் சேர்ந்த சின்னப்பாப்பா. பென்ஷன் எடுக்க வந்தவள் பென்ஷனை மறந்தாள். இவ்வளவு பெரிய சங்கதியை வயிற்றில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க அவளால் முடியவில்லை. ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். இன்னும் இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் மிச்சத்தையும் கேட்டிருப்பாள்.

மிச்சம் என்னவென்றால், சாமுண்டீஸ்வரி, இதை யார் சொன்னது என்று கேட்டாள். கம்ப்யூட்டர் சொல்லுது என்றான் மோகன். கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது என்று கேட்டாள். இது எல்லா பேங்குக்கும் தெரிந்த விஷயம், டெல்லிவரைக்கும் தெரியும் என்றான். திண்டிவனத்தைத் தாண்டிப் போகாத தன் பேர் தனியாக டெல்லிவரை போய்க் கெட்டு வந்திருக்கிறதே என்று அவள் திகைத்தாள். அதற்கப்புறம்தான் மோகன் விளக்கினான். அவள் பேரில் நாலு கம்பெனிகளில் குழுக் கடன் இருக்கிறது, நாலும் பாதியில் நிற்கிறது, அதனால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறவளா என்று காட்டுகிற ஸ்கோர் பாதாளத்தில் கிடக்கிறது.

"நான் கடன் கேக்கலியே சார். கணக்குதானே கேட்டேன்?"

"இன்னிக்குக் கணக்கு கேப்பீங்க, நாளைக்குக் கடன் கேப்பீங்க. அப்ப நான் இல்லன்னு சொல்லணும். அதை இப்பவே சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் அலைச்சல் மிச்சம்" என்றான் மோகன்.

அந்த நாலு கடன்களின் கதை சின்னக் கதைதான். ராஜவேல் தன் தங்கச்சி கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு பைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டான். முதல் கடன் அந்த பைக்குக்கு. இரண்டாவது கடன் முதல் கடனின் தவணையைக் கட்ட. மூன்றாவது இரண்டாவதின் தவணையைக் கட்ட வாங்கியது. அதில் மிச்சம் விழுந்த பணத்தில் ராஜவேல் தனக்கும் ஒரு செல்போன் வாங்கிக்கொண்டான். நாலாவது எதற்கென்று அவனுக்கே மறந்துவிட்டது. குழுக் கடன் கொடுக்கிற கம்பெனிகள் ஆண்பிள்ளைகளை நம்பிப் பணம் கொடுப்பதில்லை, அவர்கள் விவரமானவர்கள். பெண்பிள்ளைகள் பேரில்தான் கொடுப்பார்கள். பணத்தைக் கையில் கொடுத்த காலம் அது. கையெழுத்துப் போட்ட கை சாமுண்டீஸ்வரியுடையது, வாங்கிய கை ராஜவேலுடையது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தபோது, இது முழுக்க என் சொந்த உழைப்பு என்று மைக்கில் வேறு சொன்னான். முத்தம்மாள் அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். இப்படி ஒரு பிள்ளை எந்தத் தாய்க்குக் கிடைக்கும் என்று தெருவே பேசியது.

ஆகவே இன்று, மாமியாரை ஒருவழியாக விலக்கிக்கொண்டு உள்ளே போன சாமுண்டீஸ்வரி, நேராகப் புருஷன் முன்னால் போய் நின்றாள். ராஜவேல் அணைந்து கிடந்த டிவியை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேங்கில் சொன்னதை அவள் மெதுவான குரலில் சொன்னாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, நாலு பேர் என்ற வார்த்தை காதில் விழுந்த அந்த நிமிஷமே அவனுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. புரிந்துகொண்டுதான் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான்.

"அந்த நாலு பேரு யாருன்னு வெளிய போய் உங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

"இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம்? பைக் விஷயம் வெளிய வந்துடும். ரெண்டு நாளு பேசுவாங்க, அப்புறம் அடங்கிடும். நீ சும்மா இரு."

அதுவரை சாமுண்டீஸ்வரிக்குச் சிரிப்பும் எரிச்சலும்தான் இருந்தன. இப்போதுதான் வலித்தது. தன் பெண்டாட்டியைத் தெருவே நாலு பேரோடு சேர்த்துப் பேசினாலும் பரவாயில்லை, கடன் வாங்கி பைக் கொடுத்தான் என்று தன்னைப் பேசிவிடக் கூடாது. இந்த மனுஷனுக்கா இத்தனை வருஷம் சோறு போட்டேன் என்று நினைத்தாள். தானே வெளியே போய் உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவளுக்கு அது போதவில்லை. அவன் வாயால் வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். அவன் வாய் திறக்கவில்லை. மாலையில் தெருக் கூட்டத்துக்குக் கூப்பிட ஆள் வந்தது.

அந்தத் தெருவின் கூட்டம் மழைக்காலத்தில் உப்பு மூட்டை அடுக்கும் கொட்டகையில் நடக்கும். ஆண்கள் உள்ளே மூட்டைகள் மேல் உட்காருவார்கள். பெண்கள் வெளியே, கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். அதுதான் வழக்கம். உள்ளே எவ்வளவு இடம் காலியாகக் கிடந்தாலும் அதுதான் வழக்கம். தெருவுக்கு நாட்டாமை அரசப்பன். வேலை நாட்களில் உப்பளத்து மேஸ்திரி. விசாரிப்பதற்கு முன்னாலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுவது அவர் பழக்கம், நேரம் மிச்சமாகுமாம்.

"ஒரு பொம்பள பேரு கெட்டா அது தெருவோட பேரு கெட்ட மாதிரி. அதனால அந்தப் பொம்பளைக்கும் அபராதம், பேரைக் கெடுத்தவன் எவனா இருந்தாலும் அவனுக்கு ரெட்டை அபராதம். மாரியாத்தா கோயிலாண்ட எல்லார் காலுலயும் விழணும். பெரிய மனுஷன், சின்ன மனுஷன்னு பாக்கமாட்டேன். இது என் வாக்கு" என்றார் அரசப்பன்.

ராஜவேலுக்குக் கூட்டத்தின் நடுவில், பாதிக்கப்பட்டவன் என்ற முறையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அவன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு குனிந்திருந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். ஒருவர் சோடா வாங்கி வந்திருந்தார். சாமுண்டீஸ்வரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சோடாவைக் குடித்தான். சரி, இனி காத்திருந்து பிரயோசனமில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அந்த நாலு பேர் யார் என்று அரசப்பன் கேட்டார்.

"பேரெல்லாம் எனக்கு வாயில நுழையாது மாமா. நாலும் இங்கிலீஷ் பேரு."

கொட்டகைக்குள் ஒரு சலசலப்பு. ஆரோவில் பக்கம் வேலைக்குப் போகப் போகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரர்களா என்று ஒருவர் மூட்டையிலிருந்து இறங்கியே கேட்டார். வெள்ளைக்காரர்களுக்கு எப்படி அபராதம் போடுவது என்று இன்னொருவர் கவலைப்பட்டார்.

அரசப்பன் கையமர்த்தினார். "வூட்டுக்கு வந்தாங்களா?"

"வாரா வாரம் வந்தாங்க."

"புருஷன் இல்லாத நேரமா?"

"அவரு இருக்கும்போதுதான் மாமா. அவருதான் நாற்காலி எடுத்துப் போடுவாரு. டீ வாங்கியாந்து குடுப்பாரு."

இப்போது கொட்டகை முழுவதும் ராஜவேல் பக்கம் திரும்பியது. முதுகைத் தட்டிக்கொண்டிருந்தவர் கையை எடுத்துக்கொண்டார். சோடா வாங்கி வந்தவர் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ராஜவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அரசப்பன், நீ சும்மா இருப்பா, உன்கிட்ட அப்புறம் வர்றேன் என்று அடக்கிவிட்டார். வேறு என்ன நடந்தது, ஒளிக்காமல் சொல் என்று சாமுண்டீஸ்வரியிடம் கேட்டார். அவர் வாழ்நாளில் இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை.

"என்னைத் தனியா செவுத்தோரம் நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க. கட்ட வெரல்ல மை வச்சு உருட்டினாங்க. அப்புறம் பக்கத்து வூட்டுப் பொம்பளைங்களையும் கூப்பிட்டு ஒண்ணா உக்கார வச்சு, செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை தவறாம வருவேன்னு சத்தியம் பண்ணச் சொன்னாங்க."

கூரைத் தண்ணீருக்குக் கீழே நின்றிருந்த பெண்களில் ஒருத்திக்குத்தான் முதலில் புரிந்தது. முந்தானைக்குள் வாயைப் பொத்தி அவள் குலுங்கினாள். பக்கத்தில் நின்றவளுக்கும் புரிந்தது. வரிசையாகத் தோள்கள் குலுங்கிக்கொண்டே போயின. சுவரோரம் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாத பெண் அந்தத் தெருவில் யார்? உள்ளே ஆண்கள் மட்டும் இன்னும் வெள்ளைக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

முத்தம்மாள் பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். "ஏண்டி, அந்த செவ்வாக்கிழமை பை மாட்டிக்கினு பைக்குல வருவானுங்களே, வசூல்காரத் தம்பிங்க, அவனுங்களா?"

"அவங்கதான் அத்த. அந்தக் கம்பெனிங்க நாலும்தான். பேங்க்ல சொன்னது அதைத்தான். எல்லாம் நம்ம வூட்டுப் பொண்ணு கல்யாணத்துக்கு பைக் வாங்கின கடன்."

மைக்கில் கேட்ட அந்தச் சொந்த உழைப்பின் பெருமை முத்தம்மாளின் முகத்திலிருந்து இறங்கிப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். அவள் மகனைப் பார்த்தாள். மகன் சோடா இல்லாத கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரசப்பனுக்கு உயிர் வந்தது. வாய்விட்டுச் சிரித்தார். "அட, கடனா? இதுக்கா இவ்வளவு கூத்து? ஊர்ல எவன்தான் பொண்டாட்டி பேர்ல வாங்கல? எழுந்திருங்கப்பா, இது ஒண்ணும் இல்லாத விஷயம்."

எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். வேட்டியில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டார்கள். நாலு பேரோடு சேர்த்து அவளைக் காலையிலிருந்து கிழித்தவர்களில் ஒருவர்கூட, தப்பாகப் பேசிவிட்டோம் அம்மா என்று சொல்லவில்லை. சின்னப்பாப்பா கூட்டத்தில் இருந்த இடமே தெரியவில்லை.

"மாமா, அபராதம்?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"அதான் ஒண்ணும் நடக்கலியேம்மா."

"பேரு கெட்டிருக்குது மாமா. பேங்க்ல சொல்றாங்க, டெல்லிவரைக்கும் கெட்டிருக்குதுன்னு. எனக்குக் கணக்கு இல்லன்னுட்டாங்க, கணக்கு இல்லன்னா வேலையும் இல்ல. பேரைக் கெடுத்தவன் எவனா இருந்தாலும் ரெட்டை அபராதம்னு சொன்னது நீங்கதான். நாலு வெள்ளைக்காரன் கெடுத்தா தப்பு, கட்டின புருஷன் கெடுத்தா தப்பில்லன்னு சொல்லலியே."

அரசப்பன் பதில் சொல்வதற்குள் வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. "என் பேரும் கெட்டுத்தான் போச்சு." முதலில் சிரித்த பெண் அவள். புருஷன் உள்ளேயிருந்து, வாயை மூடுடி என்று கத்தினான். அதற்குள் இன்னொருத்தி, "எனக்கு ரெண்டு எடத்துல கெட்டிருக்குது" என்றாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. காலையில் அந்த வார்த்தையைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்ட பெண்கள், இப்போது என் பேரும் கெட்டது, என் பேரும் கெட்டது என்று ஒருத்திக்கு மேல் ஒருத்தி உரக்கச் சொல்லிக்கொண்டு, மழைத் தண்ணீரை விட்டு கொட்டகைக்குள் வந்துவிட்டார்கள். அந்தத் தெருவில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த வெளியூர் விருந்தாளி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, என்ன தெரு இது என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார்.

முத்தம்மாளுக்கு அப்போதுதான் வேறொன்று ஞாபகம் வந்தது. "டேய், என்னையும் ஒரு தடவ செவுத்தோரம் நிக்க வச்சியே. ரேசன் கார்டுக்குன்னு சொன்னியேடா."

ராஜவேல் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

அரசப்பன் கூட்டத்தின் ஓரத்தில் தன் பெண்டாட்டி வாயைத் திறக்கப் போவதைப் பார்த்தார். மனுஷர் அனுபவசாலி. சட்டென்று தீர்ப்பை மாற்றினார். காலில் விழுவதெல்லாம் வேண்டாம், ராஜவேல் நாளைக்கு பேங்குக்குப் போய், கெடுத்தது நான்தான் என்று அதிகாரி முன்னால் ஒத்துக்கொண்டு பெண்டாட்டிக்குக் கணக்கு வாங்கித் தர வேண்டும், கூட்டம் முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்றார்.

மறுநாள் பேங்க் திறந்ததும் ராஜவேல் போய் நின்றான். அவன் தனியாகப் போயிருப்பானா என்பது சந்தேகம். அதனால் முத்தம்மாள் உட்பட அரைத் தெருப் பெண்கள் கூடவே போனார்கள். கண்ணாடிக்கு முன்னால் ஏற்பட்ட நெரிசலைப் பார்த்து மேனேஜர் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டு மோகனைப் பார்த்தாள்.

"ஜீரோ பேலன்ஸ் கணக்குக்கு எதுக்கு ஸ்கோர் பாத்தீங்க? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே."

"சும்மாதான் பாத்தேன் மேடம்" என்றான் மோகன்.

சும்மா பார்த்ததில் ஒரு பெண் வாசலில் மறிக்கப்பட்டாள், ஒரு பென்ஷன் நின்றது, ஒரு தெரு ரகளைப்பட்டது, ஒரு விருந்தாளி ஊரை விட்டு ஓடினார். மேனேஜர் அம்மா சாமுண்டீஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். இந்த இரண்டு நாளில் அவளிடம் மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு மனுஷிதான். கொஞ்ச நேரத்தில் பாஸ்புக் வந்தது. முதல் பக்கத்தில் அவள் பேர் முழுசாக, ஒரு எழுத்து குறையாமல் அச்சாகியிருந்தது. அவள் அதை இடுப்பில் செருகாமல், கையிலேயே விரித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

மோகனுக்குத் தன் தப்பைச் சரிக்கட்ட வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். ஏதாவது நல்ல காரியம் செய்யலாம் என்று ராஜவேலின் ஆதாரை வாங்கித் தட்டிப் பார்த்தான். கண்கள் அகன்றன. வழக்கம்போல ஏ.டி.எம். வாசல்வரை கேட்கும்படி சொன்னான்.

"மேடம், சார் பேரு எவ்வளவு சுத்தமா இருக்குது பாருங்க. ஒரு பாக்கி இல்ல, ஒரு தப்பு இல்ல. எந்தக் கடன்லயும் சாரு பேரே இல்ல. இவருக்குத் தாராளமா லோன் குடுக்கலாம்."

ராஜவேல் தன்னையறியாமல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். நேற்றிலிருந்து அவனை யாரும் சார் என்று கூப்பிடவில்லை.

சாமுண்டீஸ்வரி கண்ணாடியின் ஓட்டைக்கு அருகில் குனிந்தாள். "அந்த லோனை அவருக்குக் குடுங்க சார். நாலு கம்பெனிக்கும் அவரே கட்டி முடிக்கட்டும்."

"உனக்கு இன்னா பைத்தியமா?" ராஜவேல் பதறிப்போனான். "நாளைக்குக் கட்ட முடியாம போனா என் பேரு இன்னாத்துக்கு ஆவறது?"

யாரும் சிரிக்கவில்லை. மோகன்கூடக் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவனையே பார்த்தான். முத்தம்மாள் மகனுக்குப் பின்னால் போய், வெளியே போகிற வழியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அவருக்கு நல்லா கையெழுத்துப் போட வரும் சார்" என்றாள் சாமுண்டீஸ்வரி. "பேனாவைக் குடுங்க."